வாசகர் கேள்வி – பதில்: வட சென்னையில் நல்ல சைனீஸ் எங்கே கிடைக்கும்?

நல்ல சைனீஸ் என்றாலே எல்லோரும் நுங்கம்பாக்கத்துக்கும் அண்ணா நகருக்கும்தான் வழி சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கிடைக்கவே கிடைக்காதா? எப்படித் தேடுவது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

கிடைக்கும். ஆனால் உங்களுக்கு எந்த சைனீஸ் வேண்டும் என்பதை முதலில் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். நாம் சைனீஸ் என்று சாப்பிடுவதில் முக்கால்வாசி இந்தியாவில் பிறந்தது. கொல்கத்தாவில் டிரெட்டா பஜார், டாங்ரா பக்கம் குடியேறிய ஹக்கா சீனர்கள் நம் பச்சை மிளகாயையும் இஞ்சி பூண்டையும் தங்கள் சமையலில் சேர்த்தார்கள், அங்கிருந்து அது நாடு முழுக்கப் பரவியது. சிக்கன் மஞ்சூரியன்கூட 1975-ல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் நெல்சன் வாங் செய்தது என்றுதான் சொல்கிறார்கள், அவரும் கொல்கத்தாவில் பிறந்த சீனர்தான்.

இந்த வகை போதும் என்றால் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர் என்று எங்கே திரும்பினாலும் ஃபாஸ்ட் ஃபுட் கடை இருக்கிறது. போர்டை விட்டுவிட்டு மாஸ்டரின் கையைப் பாருங்கள். ஆர்டர் சொல்வதற்கு முன் இரண்டு நிமிஷம் ஓரமாக நில்லுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் சட்டியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, லேசாகப் புகை வந்ததும் முட்டையை உடைத்து ஊற்றி, பூண்டு, கோஸ், பீன்ஸ், கேரட்டைப் போட்டு, காய் தண்ணீர் விடுவதற்குள் சோற்றைக் கொட்டித் தூக்கிப் போட்டுப் புரட்டுகிறார் என்றால் தைரியமாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே கலந்து வைத்த ரைஸை அண்டாவில் இருந்து அள்ளிச் சூடு மட்டும் காட்டிக் கொடுக்கிறார் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

எல்லாமே தீயில்தான் இருக்கிறது. அந்தப் பெரிய பர்னரின் சூட்டில் காயில் இருந்து வரும் ஈரம் அப்போதைக்கப்போதே ஆவியாகிவிடும், அதனால்தான் சோறு உதிரியாகவும் லேசான புகை வாசனையோடும் வருகிறது. நாலு பார்சலுக்கு உண்டானதை ஒரே சட்டியில் போட்டால் சூடு இறங்கிவிடும், அப்புறம் அது வறுபடாது, குழைய ஆரம்பித்துவிடும். கூட்டம் இருக்கும் கடை நல்ல கடை என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் நிற்பவர்களுக்கு நேர்வது இதுதான். அதே மாஸ்டர் செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்குச் செய்து தருவதைச் சாப்பிட்டுப் பாருங்கள், வேறு கடையோ என்று தோன்றும்.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். சிக்கன் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருந்தால் அது கலர் பொடி. மிளகாய்த்தூளில் மட்டும் அந்த நிறம் வராது, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். பொரிக்கும் எண்ணெய் கறுத்து நுரை கட்டிக் கிடந்தாலும் வேண்டாம். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகும் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. 14 இலக்க உரிம எண்ணைக் கடையில் மாட்டியிருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சீனாவில் சாப்பிடும் மாதிரியே வேண்டும் என்றால் தெற்கே போகத்தான் வேண்டும், அதை மறைத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு அந்தப் பயணம் முன்பு மாதிரி அலுப்பாகவும் இல்லை. போன இடத்தில், சிச்சுவான் மிளகு போடுகிறீர்களா என்று கேளுங்கள். அது நம் மிளகு இல்லை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய், கடித்தால் உதடும் நாக்கும் மரத்துப்போகும். நம் கடைகளில் செஸ்வான் என்று வருவது பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்த சாஸ். அதுவும் ருசிதான், ஆனால் அது வேறு இது வேறு.

அத்தோவும் சைனீஸ் நூடுல்ஸ்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா? எங்கே சாப்பிடலாம்?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

இல்லை தம்பி, அத்தோ பர்மா சாப்பாடு. சீனாவுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் நாட்டின் நூடுல்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். 1969-ல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. உங்கள் வியாசர்பாடியிலேயே அப்படி வந்த குடும்பங்களின் குடியிருப்பு இருக்கிறது, பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், மணிக்கணக்காகச் சொல்வார்கள்.

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் சாயங்காலம் போனால் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ், அதன்மேல் மெல்லிசாக நறுக்கிய கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி, பொட்டுக்கடலை மாவு, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டு, பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த வில்லையை நொறுக்கிச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். இதற்குச் சட்டியும் வேண்டாம், தீயும் வேண்டாம். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஆவி பறக்க இருக்கும், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். முட்டை மசாலாவை விட்டுவிடாதீர்கள்: அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் அடைத்து, புளியும் காரமும் தூவித் தருவார்கள், அதை முழுசாக வாயில் போட வேண்டும். பேஜோ மொறுமொறுப்பு போவதற்குள் நின்றுகொண்டே சாப்பிடுங்கள், பார்சல் வேண்டாம்.

என்னைக் கேட்டால், வெளியூர் நண்பர் வந்து வட சென்னையில் நூடுல்ஸ் எங்கே என்று கேட்டால் முதலில் இங்கேதான் கூட்டிப்போக வேண்டும்.

வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்க்காத வீடு எங்களுடையது. மகனுக்கு மஞ்சூரியன் மேல் ஆசை. வெளியே வாங்கலாமா?
– வாசகி, சௌகார்பேட்டை

உங்கள் ஏரியாவில் ஜெயின் வகை என்று கேட்டால் செய்து தரும் சைவக் கடைகள் இருக்கின்றன. ஆனால் "வெங்காயம் பூண்டு வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, சாஸையும் கேளுங்கள். செஸ்வான் சாஸ் பெரும்பாலும் பூண்டு இல்லாமல் வராது, பாட்டில் சில்லி சாஸிலும் பல நேரம் இருக்கும். உருண்டையில் கேரட் துருவிப் போடுவார்கள், கடைசியில் பழக்கதோஷத்தில் வெங்காயத்தாளைத் தூவிவிடுவார்கள். கோஸ், குடைமிளகாய், பச்சை மிளகாய், சோயா சாஸ், சோள மாவு மட்டும் போட்டுக் கழுவிய சட்டியில் செய்யுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அஜினமோட்டோ விஷம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருவொற்றியூர்

விஷம் இல்லை. 1908-ல் ஜப்பானில் கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர் கடற்பாசிக் குழம்பில் இருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் என்ற சுவைப்பொருள்தான் அது. அதே குளுட்டமேட் தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இதைப் பாதுகாப்பானது என்ற பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ரத்தக் கொதிப்பு இருந்தால் சோயா சாஸைப் பார்த்துப் பயப்படுங்கள், அவ்வளவு உப்பு அதில். அதற்கு மேல் தனியாக உப்பு வேறு போடுகிறார்கள். சாஸைக் குறைக்கச் சொல்லுங்கள், எந்த மாஸ்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிங்கப்பூரில் இருந்து வந்திருக்கும் மகள் அங்கே சீன பேக்கரியில் சாப்பிட்ட முட்டை டார்ட்டும் பைனாப்பிள் பன்னும் கேட்கிறாள். இங்கே எந்த பேக்கரியில் கிடைக்கும்?
– வாசகி, பெரம்பூர்

நம் பக்கத்து பேக்கரிகளில் அலைந்து பெட்ரோலை வீணாக்காதீர்கள் அம்மா, டார்ட்டை வீட்டிலேயே செய்துவிடலாம். பஃப்ஸ் நன்றாகச் செய்யும் பேக்கரிக்குக் காலையிலேயே போய், சுடாத பஃப்ஸ் மாவுத் தகடு தருவார்களா என்று மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். அதைச் சின்னக் கிண்ண அச்சுகளில் அழுத்தி வைத்து, சர்க்கரையைச் சுடுதண்ணீரில் கரைத்து ஆறவைத்து, முட்டையும் பாலும் சேர்த்து, நுரை வராமல் கலக்கி வடிகட்டி முக்கால் அளவு ஊற்றுங்கள். வடிகட்டாமல் விட்டால் நடுவில் ஆம்லெட் மாதிரி திரிதிரியாக நிற்கும். ஓவனில் 200 டிகிரியில் ஆரம்பித்து, ஓரம் சிவந்ததும் குறைத்துவிடுங்கள். நடு மட்டும் லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். பேக்கரித் தகட்டில் பெரும்பாலும் டால்டாவோ மார்ஜரினோதான் இருக்கும், வெண்ணெய் வாசனை வேண்டும் என்றால் தகட்டையும் நீங்களே தேய்க்க வேண்டியதுதான்.

பைனாப்பிள் பன்னில் பைனாப்பிள் கிடையாது. சர்க்கரையும் வெண்ணெயும் மாவும் கலந்த மூடி வெந்து வெடித்து அந்தப் பழத்தின் தோல் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். மகளை அப்படியே வேப்பேரிக்கும் கூட்டிப்போங்கள். 1885-ல் தொடங்கிய ஸ்மித்ஃபீல்ட் பேக்கரி அங்கே இருக்கிறது, ஈஸ்டர் சமயத்தில் சிலுவை போட்ட பன், கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் என்று ஆங்கிலோ இந்தியர்கள் தலைமுறையாக வாங்கும் கடை. எந்த பேக்கரியாக இருந்தாலும் ஒன்று கேட்டுவிடுங்கள்: பன் எத்தனை மணிக்கு அடுப்பில் இருந்து இறங்கும்? அந்த நேரத்துக்குப் போனால் சாதாரண பன்னே போதும்.

ராத்திரி வாங்கிய ஃப்ரைட் ரைஸ் மிச்சமானால் காலையில் சாப்பிடலாமா?
– வாசகர், ராயபுரம்

வாங்கி வந்த உடனேயே மிச்சத்தைத் தனியாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், மறுநாள் ஒரே ஒரு முறை நன்றாகச் சூடு பண்ணிச் சாப்பிடலாம். ராத்திரி முழுக்க மேஜையிலேயே கிடந்தது என்றால் கொட்டிவிடுங்கள். சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியா விடும் நஞ்சு, மறுபடி எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. வாந்தியில் கொண்டுபோய் விட்டுவிடும்.