குடியால் மருத்துவமனையில் சேர்பவர்கள் கூடுகிறார்களா, குறைகிறார்களா?

கேள்வி: டாக்டர், ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஆனால் குடியால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் என்று இரண்டு வேறு எண்ணிக்கை சொல்கிறார்கள். எது பொய்?

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மதுவால் வரும் கல்லீரல் நோய் போன்றவற்றுக்குக் குடி மட்டுமே காரணம், முழுதாக எண்ணலாம். உயர் ரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய், விபத்துக் காயம் போன்றவற்றில் குடிக்கு ஒரு பங்குதான். அந்தப் பங்கை ஆய்வுகளை வைத்துக் கணித்துச் சேர்க்கிறார்கள். இங்கிலாந்தில் குறுகிய கணக்கு, விரிந்த கணக்கு என்று இரண்டு உண்டு. முன்னது பெரும்பாலும் சேர்ந்ததற்கான முக்கியக் காரணத்தைப் பார்க்கும். பின்னது கூடவே உள்ள எல்லா நோய்களையும் பார்க்கும். எண்ணிக்கை பல மடங்கு பெரிதாகிவிடும். நோயாளியின் பழைய நோய்களை விவரமாகப் பதிவு செய்யத் தொடங்கினாலே விரிந்த கணக்கு ஏறிவிடும். அதனால் போக்கைப் பார்க்க நான் குறுகியதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: சேர்பவர்கள் குறைந்தால் குடியும் குறைந்தது என்றுதானே அர்த்தம் டாக்டர்?

பதில்: இல்லை. 2020-ஐப் பாருங்கள். கொரோனா காலம், ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே பலர் தயங்கினார்கள். இங்கிலாந்தில் குடியை மட்டுமே காரணமாகக் கொண்ட அவசர மருத்துவமனை அனுமதிகள் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 3 சதவீதம் குறைந்தன. அதே வகை இறப்புகளோ சுமார் 20 சதவீதம் கூடின! மதுவால் வரும் கல்லீரல் நோய்க்காக அவசரமாகச் சேர்ந்தவர்கள் மட்டும் 13 சதவீதத்துக்கு மேல் கூடினார்கள். இறப்பைப் பக்கத்தில் வைக்காமல் அனுமதிக் கணக்கை மட்டும் காட்டி யாராவது நிம்மதி சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: கல்லீரல் கெடப் பல வருடம் ஆகுமே, ஒரே வருடத்தில் எப்படி ஏறும்?

பதில்: பல வருடக் குடியில் ஏற்கெனவே தழும்பேறிய கல்லீரல்கள் அவை. சில மாதம் கூடுதலாகக் குடித்தாலே செயலிழந்துவிடும்.

கேள்வி: அரசு நினைத்தால் குறைக்க முடியுமா?

பதில்: முடியும். ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். குடியை மட்டுமே காரணமாகக் கொண்ட இறப்புகள் 13.4 சதவீதமும், மருத்துவமனை அனுமதிகள் 4.1 சதவீதமும் குறைந்ததாக 2023-இல் வெளியான ஆய்வு கணித்தது. பலன் முக்கியமாக நாள்பட்ட நோய்களில்தான்.

கேள்வி: என் மாமா தினமும் நிறையக் குடிப்பவர். அறையில் பூட்டி வைத்து நிறுத்திவிடலாம் என்கிறார்கள். சரியா அக்கா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் தம்பி. குடியைச் சட்டென்று நிறுத்தியதாலேயே வந்து சேர்பவர்கள் நிறைய. கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் போனாலே கை நடுக்கம், வியர்வை தொடங்கலாம். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். அப்புறம் 2 முதல் 4 நாளுக்குள் ஆள் குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிய ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் நடுக்கத்துக்கு மருந்தும், மூளையைக் காக்க வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று மாமாவிடம் கேளுங்கள். வந்திருந்தால் நிறுத்தும் முன்பே டாக்டரிடம் சொல்லி, முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.