சரக்கு வேனில் பின் இருக்கை: போல்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

சிறிய சரக்கு வேனின் பின்பகுதியில் ஆட்கள் உட்கார இருக்கை பொருத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்த இருக்கை வாங்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரனான எனக்கு அது கடைசிக் கேள்வி. மோதலின்போது இருக்கையில் விழும் விசை எந்த இரும்பில் போய்ச் சேரும் என்று சொல்லுங்கள், இருக்கையைப் பிறகு பார்க்கலாம்.

அண்ணா, காரிலிருந்து கழற்றிய மூவர் இருக்கை ஒன்று கைவசம் இருக்கிறது. தரையில் நான்கு துளை போட்டு, அடியில் பெரிய வாஷர் வைத்து முடுக்கினால் போதாதா?

போதாது. இரண்டு காரணங்கள்.

முதலாவது, பெரும்பாலான கார்களின் பின் இருக்கை தன் காலில் நிற்கும் பொருளே அல்ல. மெத்தை தரையில் செருகி நிற்கிறது, சாய்மானம் காரின் உடலோடு கொக்கியில் பூட்டி நிற்கிறது, பெல்ட் காரின் இரும்பில் கட்டப்பட்டிருக்கிறது. அதை வெளியே எடுத்தால் உங்கள் கையில் இருப்பது துணி சுற்றிய கம்பிச் சட்டம். அதற்கு நீங்களே கால் செய்து பற்ற வைத்தால், அந்தக் காலின் வலிமைக்கு யாரும் பொறுப்பில்லை.

இரண்டாவது, விசை. சீட் பெல்ட் பிடிமானங்களுக்கு ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 14ஆம் எண் விதிமுறை இருக்கிறது. கார்களிலும் சிறு வேன்களிலும் மூன்று முனை பெல்ட் ஒன்றின் மார்புப் பட்டையை ஏறக்குறைய 1,350 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கிறார்கள். அதே நேரத்தில் இடுப்புப் பட்டையையும் அதே அளவு இழுக்கிறார்கள். பெல்ட் இருக்கையிலேயே கட்டப்பட்டிருந்தால், இருக்கையின் எடையைப் போல் 20 மடங்கு விசையும் கூடவே சேரும். மூவர் இருக்கையில் மூன்று பெல்ட்டையும் ஒரே நேரத்தில்தான் இழுப்பார்கள். கூட்டிப் பாருங்கள்: எட்டு டன்னுக்கு மேல். காலி வேனின் எடையைப் போல் சுமார் ஐந்து மடங்கு. வேன் தரையின் தகடோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். வட்ட வாஷர் அதைக் காகிதம்போல் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். போல்ட் உடையாது, நட்டும் கழலாது. இரண்டும் முழுசாக, தகட்டுத் துண்டோடு சேர்ந்து முன்னே பறக்கும்.

விசை தகட்டில் நிற்கக் கூடாது. தரைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்துக்கோ பக்கச் சட்டத்துக்கோ போக வேண்டும். போல்ட்டுக்கு அடியில் வாஷருக்குப் பதிலாக மூலைகள் மழுங்கிய தடித்த எஃகுத் தகட்டை, கூர்மையான ஓரம் தரையில் பதியாதபடி வைக்க வேண்டும். சட்டம் பெட்டி வடிவில் உள்ளே காலியாக இருந்தால், போல்ட் போகும் வழியில் ஒரு குழாய்த் துண்டு வைத்துப் பற்ற வைக்க வேண்டும். இல்லையென்றால் முடுக்கும்போதே பெட்டி நசுங்கும், நசுங்கிய இடத்தில் முறுக்கம் நிற்காது.

என் வேனின் பயணிகள் வகையும் விற்பனையில் உண்டு. அதன் இருக்கையை வாங்கினால் அப்படியே உட்காருமா?

பல நேரங்களில் உட்காரும். இருக்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ஃபோர்டு ட்ரான்சிட் கனெக்ட், நிசான் என்வி200, ரெனோ கங்கூ, ஃபோக்ஸ்வேகன் கேடி ஆகியவற்றுக்குச் சரக்கு வகையும் உண்டு, பயணிகள் வகையும் உண்டு. தரைவிரிப்பை எடுத்துப் பாருங்கள். ரப்பர் அடைப்பு போட்ட துளைகளும், அவற்றின் அடியில் பற்ற வைத்த நட்டும் இருந்தால் நல்ல அறிகுறி.

ஆனால் துளை இருப்பதாலேயே வலுவூட்டலும் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு வகைகளுக்கும் தகடு ஒரே அச்சில் வெட்டப்பட்டிருக்கலாம், அடியில் வரவேண்டிய சட்டம் சரக்கு வகையில் விடுபட்டிருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இரண்டு வகைகளின் தரைத் தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் ஒரே பாக எண்தானா என்று உதிரிபாகப் பிரிவில் கேளுங்கள். வேறு வேறு எண் என்றால் வேனுக்கு அடியில் படுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டியதுதான். இருக்கையோடு பெல்ட், பக்கிள், போல்ட் எல்லாவற்றையும் தொகுப்பாக வாங்குங்கள். மோதிய வண்டியிலிருந்து வந்த பெல்ட் வேண்டாம். அதன் நெசவு ஏற்கெனவே நீண்டிருக்கும்.

அமெரிக்காவுக்குச் சரக்கு வேன்களைப் பின் இருக்கையோடு கொண்டுவந்து, துறைமுகத்தில் கழற்றினார்களாமே?

உண்மைதான். அமெரிக்காவும் ஐரோப்பாவும் போட்ட கோழி இறக்குமதிச் சண்டையில் பிறந்த வரி ஒன்று 1964 முதல் அங்கே இருக்கிறது. இந்த வேலை நடந்த காலத்தில் இறக்குமதி வரி சரக்கு வண்டிக்கு 25 சதவீதம், பயணிகள் வண்டிக்கு 2.5 சதவீதம். துருக்கியில் தயாரான ட்ரான்சிட் கனெக்ட்டைப் பின் இருக்கையோடும் சன்னலோடும் பயணிகள் வண்டியாக ஃபோர்டு இறக்கியது. சுங்கம் தாண்டியதும் இருக்கையைக் கழற்றிச் சரக்கு வேனாக்கியது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு அந்நிறுவனத்துக்கு எதிராக வந்தது. 2024இல் 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த இருக்கையின் பிந்தைய வடிவத்தில் செலவைக் குறைக்கத் தலைத்தாங்கியைக்கூட விட்டுவிட்டார்கள். ஆகவே யாராவது "கம்பெனி இருக்கை" என்று ஒன்றைக் கொண்டுவந்தால், முதலில் தலைத்தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

இடுப்புப் பெல்ட் மட்டும் போட்டுக்கொண்டால் வேலை சுலபமாகிறதே?

சுலபம் உங்களுக்கு. உட்காருபவரின் உடல் இடுப்பில் மடிந்து, தலை முன் இருக்கையின் முதுகில் போய் மோதும். வயிற்றிலும் முதுகெலும்பிலும் காயம் வரும். மூன்று முனை பெல்ட் போட முடியாத இடத்தில் ஆள் உட்கார வேண்டாம்.

மேல் முனையை எங்கே கட்டுவது என்பதுதான் உண்மையான சிக்கல். பக்கத் தூணில் பயணிகள் வகைக்கான திருகுத் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பெல்ட் போல்ட்டுகளில் பெரும்பாலானவை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டை அதில் வலுக்கட்டாயமாக ஏற்றினால் புரி போய்விடும். தூண் இல்லாத நடு இருக்கைக்குப் பெல்ட் உள்ளேயே அமைந்த இருக்கை வேண்டும். அப்போது மார்பு உயரத்தில் வரும் விசை இருக்கையின் பின்கால்களைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். முதல் பதிலில் சொன்னது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இன்னொன்று: பெல்ட்டைச் சுருட்டும் ரிட்ராக்டரைக் கண்ட கோணத்தில் மாட்டாதீர்கள். வண்டியின் சாய்வையும் தடாலடி வேகக் குறைவையும் உணர உள்ளே ஒரு சிறு குண்டோ ஊசலோ இருக்கிறது. சாய்த்து மாட்டினால் சும்மா இழுக்கும்போதே பூட்டிக்கொள்ளும். சிலர் எரிச்சலில் அந்த உணரியையே கழற்றிவிடுகிறார்கள்!

ஐயா, நான் தச்சன். வேன் முழுக்க 12 மி.மீ. பிளைவுட் தரை போட்டிருக்கிறேன். அதன் மேலேயே இருக்கையை முடுக்கலாமா?

வேண்டாம். மரம் நாளாக ஆக நசுங்கும், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். போல்ட்டின் இறுக்கம் அத்தோடு போய்விடும். இருக்கையின் கால் வரும் இடங்களில் பிளைவுட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே உயரத்துக்கு எஃகுத் துண்டு வையுங்கள். உங்கள் கைக்கு இது அரை நாள் வேலை.

பக்கவாட்டில் நீளப் பெஞ்சு போட்டால் இடம் மிச்சமாகும் அல்லவா?

மோதலில் பெல்ட் கழுத்தையும் விலாவையும் பக்கவாட்டில் அறுக்கும். ஐரோப்பாவில் புதிய கார்களிலும் சிறு வேன்களிலும் 2007 முதல் இது தடை. என் பட்டறையிலும் தடை.

குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமல் வண்டியோடு நேரே பூட்டும் ஐசோபிக்ஸ் கொக்கியை நானே பற்ற வைக்கலாமா?

கொக்கி என்பது இரண்டு கம்பிகள்தான்: நடுவே 280 மி.மீ. இடைவெளி, 6 மி.மீ. தடிமன். அளவைப் பார்த்தால் பத்து நிமிட வேலைபோல் தெரியும். அதனால்தான் பயப்படுகிறேன். எந்த எஃகு, எந்த வெல்டிங், எவ்வளவு இழுவை தாங்கும் என்று சோதிக்காத கொக்கியில் குழந்தையைக் கட்டாதீர்கள். கொக்கி உள்ளடங்கிய, சோதிக்கப்பட்ட இருக்கையை வாங்குங்கள், அல்லது மூன்று முனை பெல்ட்டில் கட்டக்கூடிய குழந்தை இருக்கையைப் பயன்படுத்துங்கள். தாங்குகால் உள்ள குழந்தை இருக்கை என்றால், அந்தக் கால் ஊன்றும் இடத்துக்குக் கீழே வெற்றுப் பெட்டி இருக்கக் கூடாது.

என்னுடையது மின்சார வேன். ஏதாவது வித்தியாசம் உண்டா?

டிரில்லைக் கீழே வையுங்கள். நிசான் இ-என்வி200 போன்றவற்றில் பேட்டரி தரைக்கு அடியில்தான் இருக்கிறது. உயர் அழுத்தக் கம்பிகளை ஆரஞ்சு நிறத்தில் போடுவதே தொடாதே என்று சொல்வதற்காகத்தான். தயாரிப்பாளர் கொடுத்த துளைகள் இல்லையென்றால் இந்த வேலையே இல்லை. பெட்ரோல், டீசல் வேன்காரர்களும் அடியில் பார்க்காமல் துளையிட வேண்டாம். எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாயும் அங்கேதான் ஓடுகின்றன.

ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இரும்புத் தடுப்பைக் கழற்றிவிடலாமா?

கழற்றுங்கள், ஆனால் தூக்கிப் போடாதீர்கள். அதையோ அதற்கு இணையான ஒன்றையோ புதிய இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். கார்களில் பின் சாய்மானத்தைச் சோதிக்க 18 கிலோ கட்டைகள் இரண்டை மணிக்கு 50 கி.மீ. அளவு வேகத்தில் அதன் மேல் மோதவிடுவார்கள். உங்கள் வேனின் பின்னால் கிடப்பது 18 கிலோ அல்ல, சிமெண்ட் மூட்டையும் ஜெனரேட்டரும். சில வேன்களில் தடுப்பும் உடலின் விறைப்புக்கு உதவுகிறது. ஆகவே கழற்றலாமா என்று பட்டறைக் கையேட்டில் பாருங்கள்.

சன்னல், கதவு?

பக்கக் கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும். திறக்காத வேனில் ஆளை ஏற்றாதீர்கள். சன்னல் வெட்டும்போது தகட்டைத் தாங்கும் உட்புறச் சட்டங்களைத் தொடாமல் தகட்டை மட்டும் வெட்டுங்கள். கூரைப் பக்க ஏர்பேக் இருந்தாலும், சரக்கு வேனில் அது பெரும்பாலும் முன் இருக்கைகளோடு நின்றுவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

எடை கூடாதா?

மூன்று பேர் 225 கிலோ, இருக்கை 50, 60 கிலோ. அவ்வளவையும் உங்கள் சரக்குக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

பதிவுச் சான்றில் மாற்றாமல் ஓட்டினால் யார் பார்க்கப்போகிறார்கள்?

விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். சரக்கு வண்டி பயணிகள் வண்டியாவது பல நாடுகளில் வகை மாற்றம், அதற்கு ஆய்வும் சான்றும் கேட்பார்கள். வேலை தொடங்கும் முன்பே ஆய்வாளரிடம் போய் என்ன ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள். "சோதிக்கப்பட்ட இருக்கை" என்று விற்பவரிடமும் ஒரு கேள்வி: எந்த வேனின் தரையில் வைத்துச் சோதித்தீர்கள்? இருக்கைக்கு மட்டும் சான்று காட்டினால், பாதிச் சான்றுதான் காட்டுகிறார்.

வேலை முடிந்த பின் நானே எதைச் சரிபார்க்கலாம்?

கையால் ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, ஒரு டன்னை எந்தக் கையாலும் இழுக்க முடியாது. முறுக்குவிசைக் குறடால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்கி, நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். சில வாரம் ஓடியபின் கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. கோடு நேராகவே இருந்து, தகட்டைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்திருந்தால் தரை வளைகிறது என்று பொருள். அப்போது மேலும் முடுக்காதீர்கள். இருக்கையைக் கழற்றிவிட்டு அடியிலிருக்கும் சட்டத்தை மறுபடி பாருங்கள். துளையின் ஓரங்களுக்குத் துருத் தடுப்புப் பூச்சு கொடுத்திருக்கிறதா என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளலாம்.