பொட்டலமா, பத்திரமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை.

கேள்வி: அரசாங்கம் செய்ய வேண்டியதை நாலு இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமையில் செய்து நாடு முன்னேறிவிடுமா?

முன்னேறாது. சாலை போடுவதும் ஆஸ்பத்திரி கட்டுவதும் தொண்டர்களின் வேலை அல்ல. ஆனால் உங்கள் வட்டாரக் கதையையே பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கெடா தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பியது. சம்பளப் பணம் கள்ளுக்கடைக்குப் போவதைத் தடுக்க இளைஞர்கள் மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங்கில் அது போலீசோடு மோதும் அளவுக்குப் போனது. பிறகு, முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். தீபாவளிக்கு அரிசிப் பொட்டலம் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வதை இந்த வரிசையில் சேர்க்க முடியாது.

கேள்வி: எங்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் இளைஞர் மன்றம் என்ன செய்யலாம்?

பொட்டலத்தை விட்டுவிட்டு இதைக் கையில் எடுங்கள். தீபகற்பத்தில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு. அதற்கு ஆதாரம் வேண்டும்.

முதல் வேலை வீடு வீடாகக் கணக்கெடுப்பது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த இடம், தாயின் ஐசி (அடையாள அட்டை), தந்தையின் ஐசி, திருமணம் பதிவாகியிருக்கிறதா என்று ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில்தான் சிக்கல் தெரியவரும். 1982 மார்ச் 1-க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டப்படி திருமணமாகாது. பதிவில்லாவிட்டால் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான். தாய் வெளிநாட்டுக்காரர் என்றால், தந்தை மலேசியராகவே இருந்தாலும் பத்திரத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’ (குடிமகன் அல்ல) என்று விழும். “பிறகு பதிந்துகொள்ளலாம்” என்பார்கள். அது செல்லாது, பிறந்த நேரத்து நிலைமைதான் கணக்கு என்று 2021-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு முதலில் போங்கள். தேசியப் பதிவிலாகாவில் மனுப் போட்டு 21 நாள் கழித்துத்தான் திருமணத்தைப் பதிய முடியும். வெளிநாட்டு மணமகளுக்குத் தூதரகக் கடிதமும் வேண்டும், அதற்கும் நாளாகும். எட்டாம் மாதத்தில் ஓடினால் பிள்ளை முந்திக்கொள்ளும்.

தாமதப் பதிவுக்கு கிளினிக் தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிப் பதிவு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை ஏடு எல்லாம் உதவும். வீட்டில் பிறந்த பிள்ளையா? பிரசவம் பார்த்த ஆயாவையோ தோட்டத்து மருந்தக உதவியாளரான டிரெஸரையோ சாட்சியாகத் தேடிப் பிடியுங்கள். தோட்டம் கைமாறும்போது பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) ஏடுகள் குப்பைக்குப் போய்விடுவதுண்டு, ஆகவே அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் பெயரின் ரூமி (ரோமன்) எழுத்துக் குளறுபடியால்தான். தாயின் ஐசியில் ‘முனியம்மா’ என்பதற்கு ஓர் ‘எம்’, கிளினிக் அட்டையில் இரண்டு ‘எம்’. கவுண்டரில் இருப்பவருக்கு இவர்கள் இரண்டு பேர். சத்தியப்பிரமாண ஆணையர் முன்னிலையில் ‘இரண்டும் ஒருவரே’ என்று அக்குவான் பெர்க்கானுன் (சத்தியப்பிரமாண வாக்குமூலம்) எழுதி முதல் மனுவோடேயே இணைத்துவிடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: அசல் பத்திரம் எதையும் மன்றத்தில் வாங்கி வைக்காதீர்கள், நகல் போதும். தொலைந்தால் அந்தக் குடும்பத்துக்கு மறுபடி முதலிலிருந்து அலைச்சல்.

கேள்வி: கோயில் மண்டபத்தில் இலவச டியூஷன் நடத்துகிறோம். நாற்பது பிள்ளைகளோடு தொடங்கியது, இப்போது ஆறு. ஏன்?

உங்கள் ஆசிரியர்கள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள்தானே? மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேலையில் இருக்கும் ஒருவர், படிக்கும் ஒருவர் என இருவரைப் போடுங்கள். ஒருவர் போனால் மற்றவர் தாங்குவார்.

இன்னொரு காரணம், ஆண்டு வாரியாகப் பிரித்திருப்பீர்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு மலாய்ப் பத்தி வாசிக்க வராது. பாடம் புரியாமல் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். முதல் நாளே ஒவ்வொருவரையும் தனியாக ஒரு நிமிடம் மலாய் வாசிக்கச் சொல்லி, வாசிப்புத் தரப்படி ஐந்தாறு பேராகப் பிரியுங்கள். மலாய் தேறாவிட்டால் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு போய்விடும். பலர் படிப்பை விடுவதும் அங்கேதான். எல்லாப் பாடமும் நடத்த ஆசைப்படாமல் மலாய், கணிதம் இரண்டோடு நிறுத்துங்கள். வாரம் இரண்டு நாள், ஒன்றேகால் மணி நேரம் போதும். பெற்றோர் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடும் நேரத்தைக் கேட்டுவிட்டு மணியை வையுங்கள்.

கேள்வி: மன்றத்தைப் பதிய வேண்டுமா? சந்தையில் உண்டியல் வைக்கலாமா?

பதியுங்கள். 1966 சங்கச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும்; செயலாளர் மாறும்போது இதை மறந்து பதிவை இழந்த சங்கங்கள் நிறைய. சந்தையிலோ வீடு வீடாகவோ பணம் திரட்ட போலீஸ் பெர்மிட் வேண்டும், 1947-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வரிக்கழிவு ரசீது வேண்டுமென்று கடைக்காரர் கேட்டால், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் 44(6) பிரிவு அங்கீகாரம் (நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் அனுமதி) கிடைக்கும்வரை உங்களால் கொடுக்க முடியாது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பணத்தை வாங்குங்கள்.