மீதிப் பணத்துக்குத் தனிநபர் கடன் வேண்டாம்

நண்பரே, 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி 40 லட்சம்தான் தருகிறது, மீதி 10 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

மேலாளர் உங்களிடம் மட்டும் கறார் காட்டவில்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பே வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான். சொந்தப் பணம் போட்டவர் லேசில் தவணையை விடமாட்டார். வீட்டு விலை ஓரளவு இறங்கினாலும், விற்றால் கடனை அடைத்துவிடலாம். அமெரிக்காவில் 2008-க்கு முன் வருமானச் சான்றுகூடச் சரிபார்க்காமல், முன்பணமே இல்லாமல் பலருக்குக் கொடுத்தார்கள். விலை சரிந்ததும் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன.

தனிநபர் கடன் வாங்கினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே உடைக்கிறீர்கள். இரண்டு இஎம்ஐயும் ஒரே சம்பளத்திலிருந்து போக வேண்டும். பத்திரச் செலவு வேறு இருக்கிறது. கொஞ்ச காலம் சேமியுங்கள், அல்லது விலை குறைந்த வீடாகப் பாருங்கள்.