ஓட்டையின் அளவை விடுங்கள், ஓரத்தைக் கேளுங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் 14 மி.மீ. ஓட்டை இருப்பதாக எக்கோவில் (இதய ஸ்கேனில்) தெரிந்திருக்கிறது. ஒரு டாக்டர் தொடை வழியாகவே டிவைஸ் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஆபரேஷன்தான் சரி என்கிறார். குழந்தை வளர வளர டிவைஸ் சின்னதாகிப் போகாதா? பிறகு மாற்ற வேண்டி வருமா?

பதில்: மாற்ற வேண்டி வராது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இந்தப் பயம்தான் என்று தெரிவதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவைஸ் வளராதுதான், ஆனால் அது வளரத் தேவையும் இல்லை. ஆறு மாதத்துக்குள் இதயத்தின் உள்தோல் அதன்மேல் படர்ந்து மூடிவிடும், அப்புறம் அது சுவரோடு சுவர். சுற்றியிருக்கும் சுவர் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்துகொள்ளும், அடைபட்ட ஓட்டை அடைபட்டபடியே இருக்கும்.

சரி, இரண்டு டாக்டர்கள் ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்? ஒருவர் நல்லவர் மற்றவர் கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஓட்டையின் அகலம் மட்டும். 14 மி.மீ. என்பதை மட்டும் வைத்து டிவைஸா ஆபரேஷனா என்று யாராலும் தீர்மானிக்க முடியாது. டிவைஸ் என்பது இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் ஒரு குட்டை இடுப்பு. இடுப்பு ஓட்டைக்குள் உட்காரும், தட்டுகள் இரண்டு பக்கமும் சுவரைக் கவ்வும். கவ்வ சுவர் வேண்டாமா? ஓட்டையைச் சுற்றி மிச்சமிருக்கும் அந்தச் சுவரைத்தான் ரிம் என்கிறோம். ஏறக்குறைய 5 மி.மீ.யாவது இருந்தால் நிம்மதி.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைத்தான் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முன்பக்கம், அதாவது இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் மகாதமனியை ஒட்டிய பக்கத்தில், ரிம் இல்லாமல் இருப்பது சகஜம். ‘ரிம் போதவில்லை’ என்று அங்கே எழுதியிருந்தால் உடனே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. பல குழந்தைகளுக்கு அப்படியே டிவைஸ் வைக்கிறோம், ஆனால் தேவைக்கு மேல் பெரிய அளவைத் திணிக்கக் கூடாது, ஏனென்றால் பெரிய தட்டு மகாதமனிச் சுவரில் உரசி அரிக்கும் ஆபத்து அரிதாக இருந்தாலும் இருக்கிறது. கீழ்ப்பக்கம், அதாவது உடலின் கீழ்ப்பாதியிலிருந்து இரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை திறக்கும் இடத்தில் ரிம் இல்லையென்றால் கதையே வேறு. தட்டுக்குப் பிடிப்பு இல்லை, நழுவிப் போகலாம். அங்கே ஆபரேஷன்தான் புத்திசாலித்தனம். முன்பக்கக் குறை வேறு, கீழ்ப்பக்கக் குறை வேறு. அதனால் ‘ரிம் இல்லை’ என்று யார் சொன்னாலும் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள் என்று நாங்களே மன்றாட வேண்டியிருக்கிறது. முக்கால் பக்கத்துக்கு வால்வு நார்மல், வால்வு நார்மல் என்று அச்சடித்துவிட்டு, கடைசியில் ‘டிவைஸ் வைக்கலாம்’ என்று ஒற்றை வரி. அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் அலைகிறார்கள். ஒவ்வொரு பக்க ரிம்மும் எத்தனை மி.மீ. என்று எழுதிய எக்கோ உங்களிடம் இல்லையென்றால், மூன்றாவது டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் அதை எடுங்கள். நெஞ்சின் மேலிருந்து எடுக்கும் எக்கோவில் சரியாகத் தெரியவில்லையென்றால் உணவுக்குழாய் வழியாக எடுப்பார்கள்.

கேத் லேபில், அதாவது இதயத்துக்குக் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறையில், நடப்பது இவ்வளவுதான். தொடைச் சிரையில் ஊசி போட்டு, பேனா ரீஃபில் தடிமனுள்ள குழாயை இதயத்துக்கு ஏற்றுவோம். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பி வலையால் ஆனது டிவைஸ். இரண்டு விரல் அகலத் தட்டு அந்தக் குழாய்க்குள் இழுத்து நீட்டப்பட்டுக் கயிறு போலக் கிடக்கும். வெளியே வந்ததும் தன் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். முதலில் இடது தட்டு, பிறகு இடுப்பு, பிறகு வலது தட்டு. அப்புறம் டிவைஸோடு திருகி மாட்டியிருக்கும் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்போம். டிவைஸ் அசையாமல் நின்று சுவரே சேர்ந்து ஆடினால்தான் திருகைக் கழற்றுவோம். திருகைக் கழற்றும்வரை, திருப்தி இல்லையென்றால் டிவைஸை அப்படியே குழாய்க்குள் இழுத்துக்கொள்ளலாம். சில நேரம் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, ஆபரேஷனுக்கு அனுப்புகிறோம். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். நழுவும் என்று தெரிந்தும் விட்டுவிட்டு வருவதுதான் தோல்வி.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எக்கோ எடுத்த மறுநாளே முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, ‘ரிப்போர்ட்டை அனுப்புங்கள், நாளைக்கே அட்மிஷன், இந்த வாரம் விட்டால் ஆபத்து’ என்பார். உங்கள் நம்பர் அவருக்கு எப்படிப் போனது என்று கேளுங்கள். ஆளைச் சேர்த்துவிடுவதற்கு கமிஷன் வாங்கும் கூட்டம் இது. இதைத் தடுக்க வேண்டியவர்களுக்கு எல்லாம் தெரியும், ஆனால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். உங்கள் மகளைப் போல ஓடியாடும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த ஓட்டை அவசர வியாதி இல்லை. சில வாரங்கள் யோசித்துச் செய்தால் எதுவும் குடிமுழுகிப் போகாது. அதே சமயம் 14 மி.மீ. ஓட்டை தானாக மூடும் என்று நம்பி வருடக்கணக்கில் தள்ளவும் கூடாது. கைக்குழந்தைக்கு நாலைந்து மி.மீ. இருந்தால் காத்திருக்கலாம், இது அந்தக் கதை இல்லை. ஓட்டையைக் கரைக்கும் மருந்து என்று எவராவது விற்றால் வாங்காதீர்கள், அப்படி ஒரு மருந்தே இல்லை.

டிவைஸ் வைத்த பிறகு, சுமார் ஆறு மாதம் ஆஸ்பிரின் கொடுப்போம். அந்த ஆறு மாதத்தில் பல் பிடுங்கினால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டும், பல் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில வாரம் குதிக்கிற, முட்டிக்கொள்கிற விளையாட்டு வேண்டாம். திடீரென்று நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அன்றைக்கே எக்கோ எடுக்க வேண்டும்.

டிவைஸ் பெட்டியில் பெயர், அளவு, வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அதை ஒட்டாமல் உங்களை அனுப்பப் பார்ப்பார்கள். ஒட்டிய பிறகு வீட்டுக்குக் கிளம்புங்கள்.