கழற்றிய மரத்தைக் கொளுத்த வேண்டாம்

அன்புள்ள அக்கா,

காரைதீவிலிருந்து எழுதுகிறேன். பழைய பஸ்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதை வாசித்த பிறகு பிடித்த பைத்தியம் இது. சென்ற வருடம் ஒரு நெல் ஆலையின் பின்வளவில் பெட்ஃபோர்ட் பஸ் ஒன்று கிடப்பதைக் கண்டேன். இரும்பு விலைக்கு வாங்கி, லொறியில் ஏற்றி வந்து வீட்டுக் கொட்டிலில் வைத்திருக்கிறேன். வெளியே கறள், உள்ளே உக்கல். சனி, ஞாயிறுகளில் நானும் என் ஒன்பது வயது மகனும் பெயின்ற் சுரண்டுகிறோம். அவனுக்கு அது பெரிய சந்தோசம். மேலே சிவப்பு, அதற்கு அடியில் ஒரு பச்சை. எந்த நிறத்தைத் திரும்ப அடிப்பது? எஞ்சின் இறுகிவிட்டது, ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்றைப் போடலாமா? மரச்சட்டங்களைக் கழற்றி வளவு மூலையில் குவித்திருக்கிறேன். மாரிக்கு முன் கொளுத்திவிட்டு, பொக்ஸ் இரும்பில், அதாவது சதுர இரும்புக் குழாயில், புதிதாக அடிக்கப் போகிறேன். அந்தக் காலத்துத் தச்சு ஓடாவிமார் எல்லாவற்றையும் அளவெடுக்காமல் கண்மட்டத்தில்தான் செய்திருக்கிறார்கள், ஒரு ஜன்னலைப் போல இன்னொன்று இல்லை. உங்கள் அபிப்பிராயம் என்ன?

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரவு படுக்கப்போகும் நேரத்தில் வாசித்தேன். காலையில் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த மரத்தைக் கொளுத்த வேண்டாம். அதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஒரு வரிதான். இன்றைக்கே நாலு கல்லை வைத்து, மரங்களை நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்கி, மேலே ஒரு தறப்பாளைப் போட்டு மூடுங்கள். கறையான் உங்களைவிட வேகமாக வேலை செய்யும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மகனைப் பற்றி. ஒன்பது வயதுப் பிள்ளையை அந்தத் தூசிக்குள் விட்டிருக்கிறீர்களே தம்பி, கொஞ்சமாவது யோசித்தீர்களா? அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருக்கும். நிறத்துக்கும் கலந்தார்கள், இரும்பில் கறள் பிடிக்காமல் இருக்க அடியில் பூசிய செம்பூச்சிலும் கலந்தார்கள். காயக் காயச் சுரண்டினால் அது தூளாகி மூச்சோடு உள்ளே போகும், கையில் ஒட்டிச் சோற்றோடும் போகும். பெரியவர்களின் உடம்பைவிடப் பிள்ளைகளின் உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெட்டதைத் திருப்பி எடுக்க வழியில்லை. அவனை அந்த வேலையிலிருந்து உடனே எழுப்புங்கள். நீங்கள் தேய்ப்பதானாலும் தண்ணீர் தெளித்து ஈரத்தில் தேயுங்கள், நல்ல முகமூடி போடுங்கள், கிரைண்டரைத் தொட வேண்டாம். அந்த உடுப்போடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம். பிரேக் டிரம்மைத் திறந்தால் கொம்பிரசர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கும், அது நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். மகனுக்கு நான் வேறு வேலை வைத்திருக்கிறேன்.

எஞ்சின் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஜப்பான் எஞ்சினைப் போடுங்கள், பழையதை மட்டும் விற்றுவிடாதீர்கள். முன்னால் மூக்கு நீண்ட பஸ் என்றால் அது அநேகமாக 'ஓபி' மாடலாக இருக்கும். 1939இல் வந்து, போரில் நின்று, 1945 முதல் 1950 வரை மறுபடி செய்தார்கள். ஆறு சிலிண்டர், மூன்றரை லீற்றர் பெற்றோல் எஞ்சின். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் டீசலை ஊற்றி, ஒரு கிழமை பொறுத்து, கையால் சுற்றிப் பாருங்கள். பலவந்தம் பண்ண வேண்டாம்.

கறளுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காரைதீவில் வாடைக்காற்று கடலைத் தாண்டி உப்போடுதான் வரும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு நிற்காது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் இரண்டு தகடு சேரும் இடத்தில் அது உள்ளிருந்து ஊதி ஆணியைப் பிடுங்கும், மரத்தையும் பிளக்கும். வெளியே தெரிகிற பொருக்கைத் தேய்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு காந்தத்தை எடுத்துத் தகடு தகடாக வைத்துப் பாருங்கள். ஒட்டாத தகடு அலுமினியம். அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேர் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளை மாவாகக் கொட்டும், இரண்டுக்கும் நடுவில் றப்பரோ பூச்சோ வேண்டும். சின்னச் சின்ன இரும்புச் சாமான்களுக்கு அமிலம் தேவையில்லை. உங்கள் அம்பாறை மாவட்டத்தில்தானே ஹிங்குரானைச் சீனி ஆலை இருக்கிறது. கரும்புக் கழிவுப் பாணி கிடைத்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து இரண்டு கிழமை ஊறவிடுங்கள். நாறும், ஆனால் நல்ல இரும்பைத் தின்னாமல் கறளை மட்டும் கழற்றும். அதற்குள் அலுமினியத்தைப் போட்டுவிடாதீர்கள்.

சரி, மரத்துக்கு வருகிறேன்.

ஓடாவிமார் கண்மட்டத்தில் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. என் பெரிய மாமா பஸ் பொடி கட்டிய ஓடாவி. அந்த நாளில் வெளிநாட்டிலிருந்து வந்தது அடிச்சட்டமும் எஞ்சினும்தான். மேலே உள்ள உடம்பு முழுவதையும் இங்கே மரத்தில் கட்டினார்கள், அதைத்தான் பொடி கட்டுவது என்போம். மாமாவிடம் வரைபடம் இருக்கவில்லை. ஓர் அளவுத்தடி இருந்தது. இரண்டு விரல் அகலம், ஓர் ஆள் உயரம், நாலு பக்கமும் உளியால் கீறிய கோடுகள். ஒரு பக்கம் ஜன்னல்களுக்கு இடையில் நிற்கும் மரக்கால்களின் உயரம், ஒரு பக்கம் கால்களுக்கு இடையிலான தூரம், இப்படி ஒரு பஸ் முழுவதும் அந்தத் தடியில் இருந்தது.

உங்கள் ஜன்னல்கள் ஏன் ஒன்றைப் போல ஒன்று இல்லை என்று யோசியுங்கள். பின்சக்கரத்துக்கு மேலே வருகிற கால் குட்டையாகத்தான் இருக்க வேண்டும், கீழே சக்கரக் கூடு இருக்கிறது. பின்பக்கம் போகப் போக உடம்பு உள்ளே ஒடுங்கும், அப்போது ஜன்னலின் மேல் அகலமும் கீழ் அகலமும் மாறும். கூரை வளைவுகளை நேர்ப்பலகையில் அறுத்தால் வளைகிற இடத்தில் நார் வெட்டுப்பட்டு முறியும். அதனால் வள்ளம் கட்டுகிறவர்களைப் போல மாமாவும் இயற்கையாக வளைந்த கொப்புகளைத் தேடித் திரிவார். இரண்டு கொப்பு ஒரே மாதிரி வளையாது. மரம் கொடுத்த வளைவுக்கு அவர் ஜன்னலை இழைத்தார். ஜன்னலை மூடும் ஒவ்வொரு பலகையும் கால்களில் வெட்டிய அதனதன் தவாளிப்புக்கு மட்டும் பொருந்தும். எது எங்கே போகும் என்பதற்குக் காலின் உள்பக்கத்தில், தகடு மூடுகிற இடத்தில், உளியால் வெட்டு வைப்பார். முதல் காலுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு. அதே வெட்டு பலகையின் விளிம்பிலும் இருக்கும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆரையம்பதியில் எங்கள் வளவில், ஓட்டத்திலிருந்து கழித்த ஒரு பஸ் கூடு நின்றது. மாமாவே கட்டியது. கழிவு விலைக்கு வாங்கி வந்து, தச்சு ஆயுதங்கள் வைக்கும் அறையாகப் பாவித்தார். சக்கரம் இல்லை, கல்லில் இருந்தது. அடிச்சட்டத்தின் பாரம் முழுவதும் நிலத்தோடு. வீட்டுக் கூரை போன பிறகு பதினொரு பேர் அதற்குள் ஏறினோம். ஜன்னல் பலகைகள் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. அரிக்கன் லாம்பும் அணைந்துவிட்டது. மழை ஊசியாக முகத்தில் குத்துகிறது. தென்னைகள் விழுகிற சத்தம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்கிறது. அந்த இருட்டில் மாமா ஒவ்வொரு பலகையாக எடுத்து, விளிம்பைப் பெருவிரலால் தடவினார். "நாலு" என்றார். காலைத் தடவினார், நாலு. பலகையை மேலிருந்து இறக்கினார், அது ஒரு சத்தத்தோடு போய் உட்கார்ந்தது. "அடுத்ததை எடு, புள்ள" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். "ஏழு." இப்படியே எல்லா ஜன்னலையும் மூடினார், ஒன்றைக்கூட மாற்றிப் போட்டுப் பார்க்கவில்லை. விடியும்வரை ஒரு பலகை கழலவில்லை.

அதைத்தான் நீங்கள் கண்மட்டம் என்கிறீர்கள்.

அந்த மாதம் முழுக்க மழை. விழுந்த மரம் வழியெல்லாம் கிடந்தது, ஆனால் எல்லாம் பச்சை, ஒன்றும் அடுப்பில் பிடிக்கவில்லை. காய்ந்த மரம் என்று எங்கள் வளவில் இருந்தது பஸ்ஸின் முதிரை மரச் சட்டங்கள் மட்டும்தான். தகட்டையும் அடிச்சட்டத்தையும் ஒரு பழைய இரும்பு வியாபாரி அடிமாட்டு விலைக்கு எடுத்துப்போனார், அந்தக் காசு கூரைக்குப் போனது. மரம் அடுப்புக்குப் போனது. மாமாதான் கொத்திக் கொடுத்தார், நான்தான் அடுப்பில் தள்ளினேன். ஒரு கால் எரியும்போது வெட்டுகள் முதலில் கறுத்து, பிறகு அதற்குள்ளே நெருப்புச் சிவப்பாகத் தெரிந்தது. மூன்று வெட்டு. நான் எண்ணினேன். மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "எரி புள்ள, பிள்ளையளுக்குக் கஞ்சி வேணும்" என்றார். எங்களுக்கு அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை தம்பி. உங்களுக்கு இருக்கிறது.

பொக்ஸ் இரும்பு உறுதி என்று நினைக்கிறீர்கள். அந்தக் காலத்து அடிச்சட்டம் ரோட்டுக்கு ஏற்ப முறுகி நிமிரும்படி செய்யப்பட்டது. மரப்பொடி அதோடு சேர்ந்து கொஞ்சம் அசையும். வெல்டிங்கில் இறுக்கி ஒட்டிய இரும்புக்கூடு அசையாது, ஒட்டின இடத்தில் வெடிக்கும். வெடித்த இடத்தால் தண்ணீர் போகும், பொக்ஸின் உள்பக்கத்துக்கு உங்களால் பெயின்ற் அடிக்க முடியாது. காரைதீவு உப்புக்காற்றில் அது எத்தனை மாரி தாங்கும் என்று நீங்களே சொல்லுங்கள். உக்கிய பாகத்தை மட்டும் சாய்வாகச் சீவி எடுத்து, அதே சாய்வில் புது மரத்தைப் பொருத்துங்கள். உடைக்கிற பழைய வீடுகளின் நிலைகளில் நல்ல முதிரையும் தேக்கும் கிடைக்கும். உங்கள் பக்கத்தில் ஒரு வயதான ஓடாவி நிச்சயம் இருப்பார், அவரைக் கூட்டி வந்து நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் வாயால் கேளுங்கள். முழுதும் உக்கிய காலைக்கூட எறியாதீர்கள். புதுக்கால் செய்வதற்கு அளவு அதில்தான் இருக்கிறது, வேறு எங்கும் எழுதிவைக்கவில்லை.

நிறத்தைக் கேட்டிருந்தீர்கள். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்து இலங்கை போக்குவரத்துச் சபையிடம் கொடுத்தது, சிவப்பு அதற்குப் பிறகு வந்ததாக இருக்கும். அடியில் உள்ள பச்சை அதற்கு முந்திய கொம்பனியின் நிறமாக இருக்கலாம். உங்களுக்குப் பிடித்ததை அடியுங்கள். கதவுக்குப் பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் ஈரத்தில் மெல்ல மெல்லத் தேய்த்து, எல்லாப் பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும்படி விட்டுவிடுங்கள். அதற்கு மேல் தெளிந்த வார்னிஷ் பூசினால் போதும்.

மகனின் வேலை இதுதான். பெயின்ற் இல்லாத மரங்களை மட்டும், ஈரத்துணியால் நீங்கள் துடைத்துக் கொடுத்த பிறகு, அவனிடம் கொடுங்கள். ஒரு கொப்பியும் வெண்கட்டியும் கொடுங்கள். ஒவ்வொரு காலின் உள்பக்கத்திலும் வெட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, எண்ணி, கொப்பியில் படம் கீறட்டும்.

அந்த மாரியில் மாமா கொத்தாமல் ஒதுக்கி வைத்த ஒரு கால் என்னிடம் இருக்கிறது. ஆறு வெட்டு. வாசல் பக்கத்துக் கால் என்றால் வெட்டுகளுக்கு மேலே வலப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு வைப்பார், சாரதி பக்கத்துக்கு அது இடப்பக்கம் சாயும். உங்கள் பஸ்ஸும் அவர் கட்டியதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் வெட்டுகளுக்கு மேலே கோடு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். பதில் வரும்வரை நான் காத்திருப்பேன்.