தேசிய அறிவியல் நிறுவனமும் இந்திய தேசிய அறிவியல் கழகமும் ஒன்றா?

1958-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் ‘இந்திய தேசிய அறிவியல் நிறுவனம்’ என்ற பெயரைக் கண்ட வாசகர் ஒருவர், அதுவும் இன்றைய இந்திய தேசிய அறிவியல் கழகமும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார். இரண்டும் ஒரே அமைப்புதான். பழைய நிறுவனம் பின்னர் கலைக்கப்பட்டுவிடவில்லை. 1935 ஜனவரியில் கல்கத்தாவில் தொடங்கிய அந்நிறுவனமே 1970-இல் ‘இந்திய தேசிய அறிவியல் கழகம்’ என்று பெயர் மாறி, இன்றும் தில்லியில் இயங்குகிறது.

குழப்பத்துக்குப் பெயர்மாற்றம் மட்டும் காரணமாக இராது. இயற்பியலாளர் மேகநாத சாகாவின் முயற்சியால் 1930-இல் அலகாபாத்தில் தோன்றிய அறிவியல் கழகமும், சி.வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய மற்றொன்றும் ஏறத்தாழ இதே பெயர்களோடு இன்றுவரை தனித்தனியே இயங்குவதால், தமிழாக்கத்தில் மூன்றையும் ஒன்றாக்கிவிடும் பிழையைப் பல நூல்களில் காண்கிறோம். வரலாற்றுக்கு இது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். நாடு தழுவிய ஓர் அறிவியல் கழகம் எங்கே, யார் தலைமையில் அமைய வேண்டும் என்ற அக்காலத்து விவாதமே அதனால் மறைந்துபோகிறது.

எந்த அமைப்பு என்று பிரித்தறிய, அறிஞரின் பெயருக்குப் பின் அவரது உறுப்பினர் தகுதியைக் குறிக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ‘எஃப்.என்.ஐ.’ என்றால் பழைய தேசிய நிறுவனம், ‘எஃப்.என்.ஏ.’ என்றால் அதே அமைப்பு, பெயர் மாறிய பின். ‘எஃப்.ஏ.எஸ்சி.’ பெங்களூரையும் ‘எஃப்.என்.ஏ.எஸ்சி.’ அலகாபாத்தையும் குறிக்கும்.

ஆனால் ஒருவரே மூன்றிலும் உறுப்பினராக இருந்திருக்கலாம் என்பதால், ஓர் எழுத்துத்தொடரைக் கண்டதும் மற்றவற்றை விலக்கிவிடாதீர்கள். மேற்கோளில் பழைய பெயரை அப்படியே வைத்து, இன்றைய பெயரை அடைப்புக்குறிக்குள் தருவதே முறை.